தண்ணீர் நிற்கும் கருவறை

பழைய கட்டடங்களைப் பராமரிக்கிற சர்க்கார் இலாகா ஒன்றில் நான் ஓவர்சியராக இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டாரிடம் சர்க்கார் உத்தியோகம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எந்த மாதிரி உத்தியோகம் என்று தெரிந்த பிறகு என் மாமனார் என்னை "இடிஞ்ச கோயில் மாப்பிள்ளை" என்றே சொல்லிவந்தார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் பார்த்த கோயில்கள் எல்லாம் இடிந்தவைதான், அல்லது இடியக் காத்திருப்பவைதான். நன்றாக நிற்கிற கோயிலுக்கு எங்களை யார் அனுப்பப் போகிறார்கள்?

ஐம்பதுகளின் ஆரம்பத்தில் என்னைச் சங்கரன்கோவிலுக்குப் போட்டார்கள். தேரடிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. காலையில் கிளப்புக் கடையில் இட்லியை முடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினால் குருவிகுளம் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம், அப்புறம் கரிசலுக்குள் இறங்கும் வண்டித்தடம். தடம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஊர். ஊருக்கு மேற்கே பருத்திக் காட்டை ஒட்டி என் கோயில். 'என்' என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாண்டியர் காலத்துச் சிவன் கோயில் அது. ஒரு கருவறை, அதற்கு முன்னால் ஒரு சிறிய மண்டபம், கருவறைக்கு மேலே செங்கல்லில் கட்டிய விமானம், அவ்வளவுதான். கோபுரம் கிடையாது, மதில் கிடையாது. சுவரின் அடிப்பாகத்தில் சுற்றிலும் யாளி முகங்கள் வரிசையாக ஓடும். அதில் ஒரே ஒரு யாளிக்கு மட்டும் நாய் முகம். செதுக்கியவன் குறும்புக்காரனாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் யார் மேலோ அவனுக்கு ஆத்திரம். எந்தப் புத்தகத்திலும் அந்தக் கோயிலைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதனாலேயே எனக்கு அதன்மேல் பிரியம் கூடிப்போயிற்று. பக்தி எனக்குக் கொஞ்சம் மட்டுத்தான். வாசலில் செருப்பைக் கழற்றியது கூட ஊரார் பார்ப்பார்களே என்றுதான்.

அந்தக் காலத்துக் கற்சுவரைப் பார்த்தால் முழுக்கக் கல் என்று தோன்றும். அப்படி இல்லை. வெளியே ஒரு கல் வரிசை, உள்ளே ஒரு கல் வரிசை, இரண்டுக்கும் நடுவில் வெறும் மண்ணும் சல்லியும். கல் இடுக்குகள் வழியே தண்ணீர் இறங்கி அந்த மண்ணைக் கரைத்துவிட்டால் சுவர் வயிறு தள்ள ஆரம்பிக்கும். அந்தக் கோயிலின் மேற்குச் சுவருக்கு அப்படித்தான் லேசாகத் தொந்தி விழுந்திருந்தது. இடுக்குகளில் இருந்த பழைய மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, செக்கில் அரைத்த சுண்ணாம்பில் கருப்பட்டியும் கடுக்காய் ஊறிய தண்ணீரும் சேர்த்து அடைப்பதுதான் என் வேலை. சுவரில் வெளியே, உள்ளே, கருவறைத் தரைக் கல்லின் இடுக்குகளில் என்று எங்கேயும் விடவில்லை.

இந்த வேலைக்கு ஊரே திரண்டு வந்ததுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மற்ற இடங்களில் பழைய கோயிலின் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்த் துவைக்கிற கல்லாகப் போட்டிருப்பார்கள், அதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். இங்கே ஆணும் பெண்ணும் சுண்ணாம்பு சுமந்தார்கள். செக்கு இழுக்க மாடு தந்தார்கள். கடுக்காயை இடித்துக் கொடுத்தார்கள். பழமையை மதிக்கத் தெரிந்த ஜனங்கள் என்று நான் மேலிடத்துக்குப் பெருமையாகச் சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே வேறு ஒன்றும் வருகிறது.

பங்குனியில் வேலை முடிந்தது. ஊர் நாட்டாமை வந்து பார்த்தார். என்னைவிட மூத்தவர், வாய் நிறைய வெற்றிலை. கையோடு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். கருவறைக்குள் அதைக் கவிழ்த்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் எந்த இடுக்கிலும் இறங்காமல், அபிஷேகத் தண்ணீர் வெளியேறுகிற கோமுகி வழியாக மட்டும் ஓடிப் போயிற்று.

"ஓவர்சியர் ஐயா, அந்தத் தூம்பை அடைச்சா இதுக்குள்ள தண்ணி நிக்குமா?" என்றார்.

"ஒரு சொட்டு வெளிய போகாது அண்ணாச்சி. தொட்டி மாதிரி நிக்கும்" என்றேன். வேலையைப் பாராட்டுகிறார் என்று எனக்குப் புளகாங்கிதம். அவர் முகமும் மலர்ந்துவிட்டது. அன்றைக்கு எனக்குக் கோழி அடித்துச் சோறு போட்டார்கள்.

அந்த வருஷமும் மழை இல்லை. அதற்கு முந்திய வருஷமும் இல்லாததுதான். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலில் எப்போதும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. விளைந்த பருத்தியையும் வத்தலையும் கொண்டுவந்து அம்மன்மேல் வாரி வீசிச் சூறை விடுவார்கள். அந்த ஆடியில் வெறுங்கையோடு நின்று கும்பிட்டுவிட்டுப் போனவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். மாட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கரிசல் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் தோள்வரை போயிற்று. என் சைக்கிள் சக்கரம் ஒருமுறை அதில் மாட்டி நான் குப்புற விழுந்தேன்.

புரட்டாசியில் ஒரு காலை கோயிலுக்குப் போனபோது கருவறை வாசலில் இடுப்பு உயரத்துக்குச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அணை கட்டியிருந்தது. பெண்கள் வரிசையாக நின்று குடம் குடமாக உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கோமுகியைத் துணி சுற்றிக் களிமண்ணால் அடைத்திருந்தார்கள். லிங்கம் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் இருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?" என்று கத்தினேன்.

"சாமியை முக்குதோம் ஐயா" என்றார் நாட்டாமை, சாவகாசமாக. "மழை பெய்யுத மட்டும் முங்கியே கெடக்கணும். மூச்சு முட்டினா மழையை அனுப்பித்தானே ஆகணும்? எங்க அப்பா காலத்துல ஒருதடவை ஊத்திப் பாத்தாக. ஊத்த ஊத்த ஒழுகிட்டுது. சாமிக்கு அடி கூட நனையல்ல. அதுக்குப் பொறவு ஒருத்தரும் ஊத்தல்ல. நீங்க வந்துதான ஐயா இதைத் தண்ணி நிக்குத எடமா ஆக்கிக் குடுத்திய."

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. சுண்ணாம்பு சுமந்தது, செக்கு இழுத்தது, கோழி அடித்தது எல்லாம் இதற்குத்தானா? நான் கோயிலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், அவர்கள் ஒரு தொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னை ஏமாற்றினார்கள் என்றும் சொல்ல முடியாது. நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவர்கள் ஒருநாளும் மறைத்ததில்லை.

நாட்டாமையைச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போய் விளக்கினேன். நான் பூசிய சுண்ணாம்பு விரல் ஆழத்துக்குத்தான் இருக்கிறது, அதற்குப் பின்னால் வெறும் மண். நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் தரை வழியாக மெல்ல இறங்கும். அடியில் இருப்பது கரிசல். ஒரு பக்கம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, மற்றப் பக்கம் தண்ணீரைக் குடித்து உப்பினால் மேலே நிற்கிற சுவரைத் தூக்கிவிடும். ஏற்கெனவே தொந்தி விழுந்த சுவர், தாங்காது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கரிசலைப் பற்றி அவருக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை.

"எல்லாம் விளங்குது ஐயா. நீங்க சொல்லுதது சரிதான். இப்பவே தூம்பைத் தொறந்து விட்டுருதோம்" என்றவர் சற்று நிறுத்தி, "மழைக்கு என்ன செய்யட்டும்? அதையும் நீங்களே சொல்லிருங்க" என்றார்.

அதில் கிண்டல் இருந்தால் சண்டை போட்டிருப்பேன். கிண்டல் துளிகூட இல்லை. உண்மையாகவே என்னிடம் கேட்டார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு மிதித்தேன்.

தாலுகா ஆபீசில் தாசில்தார் என்னை உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர், இந்தப் பக்கத்துக்காரர்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மேஜையில் இருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் போலீசை அனுப்பி அந்தத் தண்ணியைத் தொறந்து விட்டா, சர்க்காரே மழையை வேண்டாம்னு சொல்லிட்டான்னு ஊர் ஊராப் பேசுவான் வே. எனக்கு இது தேவையா? பேசாம இரும்" என்றார். நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, "பெய்யும்னு தோணுதா வே?" என்று கேட்டார்.

மேலதிகாரிக்குத் தந்தி அடித்தேன். தக்க நடவடிக்கை எடுக்கும்படி பதில் வந்தது. எது தக்கது என்று அதில் இல்லை.

மறுநாள் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். என்னோடு பல வருஷமாக வேலை பார்த்தவர், வாசுதேவநல்லூர்க்காரர், அந்தச் சுவரின் ஒவ்வொரு இடுக்கையும் அடைத்தவர். அவர் சொன்னால் ஊரார் கேட்பார்கள் என்று நம்பினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் நின்றது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் குடத்தை வாங்கி அவரும் ஊற்றினார்.

"என்ன கொத்தனாரே, நீருமா?"

"எங்க ஊர்க் குளமும் வத்திப் போச்சு ஐயா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு என் பக்கம் நான் மட்டும்தான். பேரம் பேசிப் பார்த்தேன். லிங்கத்தின் பீடம் வரைக்கும் போதாதா, கொஞ்ச நாள் கழித்துத் திறந்துவிடக் கூடாதா என்று கெஞ்சினேன். மழை வரும் முன்னால் திறந்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்றார்கள். தண்ணீர் குறையக் குறைய மேலும் ஊற்றினார்கள். வெளியே அடிப்பாகத்தில், யாளி வரிசைக்குக் கீழே, கல் இருண்டு ஈரம் கோடாகத் தெரிய ஆரம்பித்தது. தினமும் அதன் எல்லையில் கரித்துண்டால் அடையாளம் போட்டுவிட்டு வருவேன். மறுநாள் ஈரம் அந்த அடையாளத்தைத் தாண்டியிருக்கும். இலாகாவில் படித்த படிப்புக்கு அந்தக் கரித்துண்டு வேலைதான் மிச்சம்.

ஒருநாள் மத்தியானம். ஊரில் நடமாட்டமே இல்லை. கோமுகி அடைப்பைப் பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். என்ன ஆனாலும் ஆகட்டும், அடித்தால் அடிபடுவோம் என்று ஒரு வீறாப்பு. துணியில் கை வைத்துவிட்டேன். சுவர் ஓரத்து நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஆட்டுக்காரர் வீட்டுப் பெண். பக்கத்தில் காலிக் குடம்.

"தொறக்கப் போறியளா ஐயா?" என்றாள். கூப்பாடு போடவில்லை.

என் கை துணியிலேயே இருந்தது.

"தொறக்குததுன்னா ஒரு சொல் சொல்லிட்டுத் தொறங்க. குடத்தை அடியில வச்சுப் பிடிச்சுக்கிடுதேன். காலம்பற நான் ஊத்தினது வீட்டுல குடிக்க வச்சிருந்த தண்ணி. பிள்ளை நாக்கு வறண்டு கெடக்கு."

"பிள்ளைக்கு இல்லாத தண்ணியை என்னத்துக்கும்மா இங்கன கொண்டாந்து ஊத்தினே?" எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அதைக் குடிச்சா இன்னைக்கு ஒரு நாள் தீரும். நாளைக்கு?"

நான் துணியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என் சைக்கிளில் தொங்கிய தண்ணீர்க் கூஜாவை அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, குடத்தில் கவிழ்த்து, வீட்டைப் பார்த்து நடந்தாள். நல்லவேளை, அதையும் கருவறைக்குள் ஊற்றவில்லை.

அதன் பிறகு என்னால் முடிந்தது மேற்குச் சுவருக்கு முட்டுக் கொடுப்பது ஒன்றுதான். பனைத்தடிகளை வாங்கி வண்டியில் ஏற்றிவந்து சாய்வாக நிறுத்தினோம். அதற்கும் ஊரார் சந்தோஷமாகவே உதவினார்கள். கோயில் விழ வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் மழை வந்தது.

சும்மா வரவில்லை, கொட்டியது. சைக்கிளை மிதிக்க முடியாமல் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஊரே வெளியில் நின்று நனைந்துகொண்டிருந்தது. நாட்டாமை ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். வெற்றிலைச் சாறு என் சட்டையெல்லாம் ஆயிற்று. நானும் சிரித்தேன். பொய்யாக ஒன்றும் சிரிக்கவில்லை. அந்த மண் நனைந்த வாசனைக்குச் சந்தோஷப்படாதவன் மனுஷனாக இருக்க முடியாது. சொன்ன சொல் தவறாமல் உடனே கோமுகியைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் பீறிட்டு வெளியே ஓடியது, பெண்கள் குலவை போட்டார்கள். சுவர் நின்றுகொண்டிருந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மறுநாள் பிற்பகலும் மழை விடவில்லை. முட்டுக் கொடுத்த பனைத்தடிகளின் அடி கரிசல் சேற்றுக்குள் மெதுவாகப் புதைந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். முட்டு எதையும் முட்டவில்லை, சும்மா சாய்ந்து நின்றது. அடியில் கொடுக்கக் கல் தேடினேன். ஆளைக் கூப்பிட்டேன். யார் இருக்கிறார்கள்? ஏர் வைத்திருந்தவன் ஏரைத் தேடிப் போனான், மற்றவன் விதை தேடிப் போனான். ஒற்றை ஆளாக ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தபோது சுவரின் வயிறு என் கண்ணெதிரே பிரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. வெளிக்கல் வரிசை சரிந்து உட்கார்ந்தது. நடுவில் இருந்த மண் சேறாக வழிந்தது. பிறகு மேலே இருந்த செங்கல் விமானம் மொத்தமாக இறங்கியது. அதற்குத்தான் சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வடக்குச் சுவரும் பாதிக்கு மேல் போய்விட்டது. நாய் முகத்து யாளி சேற்றில் குப்புறக் கிடந்தது. கீழே விழுந்த கற்களில் சில விழுந்த பிறகும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சுண்ணாம்பு அவ்வளவு நல்ல சுண்ணாம்பு. லிங்கத்துக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. செங்கல் குவியலுக்கு நடுவில் அது மழையில் நனைந்துகொண்டு நின்றது.

சத்தம் கேட்டு ஊரார் வந்தார்கள். துக்கப்படுவார்கள் என்று நினைத்தேன். நாட்டாமை செங்கல் குவியலில் ஏறி லிங்கத்துக்கு முன்னால் போய் நின்றார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மழையைப் பாக்க சாமியே வெளிய வந்துட்டாருலே!" என்றார்.

அவ்வளவுதான். மறுபடியும் குலவை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். நாட்டாமை என் தோளைப் பிடித்து, "அழாதிய ஐயா, நல்லதுதான நடந்திருக்கு" என்றார்.

நான் அத்தோடு விடவில்லை. வேலை தொடங்கும்போதே கோயிலை அளந்து, எந்தக் கல்லுக்கு மேல் எந்தக் கல் என்பது வரைக்கும் படம் போட்டு வைத்திருந்தேன். அதை வைத்து மேலிடத்தில் மன்றாடினேன். அதிசயமாக, தையில் உத்தரவு வந்துவிட்டது. விழுந்த கற்களைக் கொண்டே பழையபடி எழுப்பலாம். என் உத்தியோகத்தில் அப்படி ஒரு அனுமதி அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. கொத்தனாரும் நானும் கப்பியும் கயிறும் மரக்கால்களும் ஏற்றிக்கொண்டு வண்டியில் போய் இறங்கினோம். காடு முழுக்கப் பருத்திச் செடி இடுப்பளவு நின்றது.

நாட்டாமை வந்தார். பின்னாலேயே ஊர் வந்தது. எல்லாரும் லிங்கத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"கட்டக் கூடாது ஐயா" என்றார் நாட்டாமை.

"ஏன் அண்ணாச்சி?"

"வெளிய வந்ததனாலதான மழையும் நின்னு பெஞ்சுது. மறுபடியும் உள்ள வச்சுப் பூட்டினா மழை நின்னுரும்."

"மழை ஐப்பசியிலே எல்லா ஊர்லயும்தான் பெஞ்சுது. மேலநீலிதநல்லூர்லயும் பெஞ்சுது. அங்க எந்தக் கோயில் இடிஞ்சுது?"

"எங்க சாமி குடுத்தது அங்கயும் பெஞ்சிருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மணிக்கணக்கில் பேசினேன். இது எத்தனை பழசு, இப்படி ஒன்று வேறு எங்கும் இல்லை, உங்கள் பாட்டன் முப்பாட்டன் கும்பிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். கோபித்தேன். சர்க்கார் உத்தரவு என்று மிரட்டினேன். அவர்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கூஜா வாங்கிக்கொண்டு போன பெண்ணும் இடுப்பில் பிள்ளையோடு அந்தக் கூட்டத்தில் இருந்தாள்.

கடைசியில் நாட்டாமை எழுந்தார். மடியிலிருந்து சூடத்தை எடுத்து லிங்கத்தின் பீடத்தில் வைத்துக் கொளுத்தினார்.

"ஐயா, நீங்க படிச்சவுக. எங்களுக்கு நல்லதுதான் நெனைப்பிய. கட்டி முடிச்ச பொறவும் மழை பெய்யும்னு இந்தச் சூடத்தை அணைச்சு ஒரு சத்தியம் பண்ணுங்க. போதும். கல்லை எல்லாம் நாங்களே தூக்கித் தாறோம்."

சூடம் கொழுந்துவிட்டு எரிந்தது. அடித்து அணைக்க ஒரு விநாடி போதும். சாமி நம்பிக்கை பெரிதாக இல்லாதவனுக்கு அதில் என்ன பயம்? கையைத் தூக்கிக்கூட விட்டேன். எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன சொன்னாலும் அப்படியே நம்பியிருப்பார்கள், அதுதான் பயமாக இருந்தது. அடுத்த ஐப்பசி எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்?

"சொல்லுங்க ஐயா" என்றார் நாட்டாமை, கெஞ்சுகிற மாதிரி.

கை நீட்டியபடியே நின்றேன். சூடம் சிறுத்து, தானாகவே எரிந்து தீர்ந்தது. கொத்தனார் கப்பியிலிருந்து கயிற்றைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார்.